தலைமேல் நின்ற காம்பு

கிணற்றுச் சுவரில் ஒரு பாசி இருந்தது. மழை ஓய்ந்த கொஞ்ச நாளில் அதன் உச்சந்தலையில் சிவந்த காம்பு ஒன்று முளைத்து, நுனியில் கடுகளவு குடுவையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இந்தச் சுவரிலேயே நான்தான் உயரம்," என்று காம்பு போகிற வருகிற எறும்புகளிடமெல்லாம் சொன்னது. "யாரோ என் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பேன்!"

பாசிக்குச் சுருக்கென்றது. வெயில் ஏறி இருபது நாளாயிற்று. தன் இலைகள் சுருண்டாலும் பரவாயில்லையென்று, விடியற்பனியில் கிடைத்த ஈரத்தையெல்லாம் அது காம்புக்கே ஏற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலிலும் அப்படியே ஏற்றியது.

ஒருநாள் குடுவையின் மூடி கழன்றது. உள்ளேயிருந்த வித்துகள் புழுதிபோலப் பறந்தன. காம்பும் காய்ந்து சாய்ந்தது. வித்துகளில் ஒன்று பக்கத்துச் செங்கல்லிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த மழையில் பச்சைப் பாசியாகப் படர்ந்தது.

மறுவருஷம் அதன் தலையிலும் ஒரு காம்பு எழுந்தது. "யாரோ என் காலைப் பிடித்துக்கொண்டு..." என்று எறும்பிடம் ஆரம்பித்தது.

இளம் பாசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வித்தாகக் குடுவைக்குள் இருந்தபோது தினமும் கேட்ட அதே பேச்சு. அது மெல்லப் பெரிய பாசியின் பக்கம் திரும்பியது.

"ஈரம் போதுமா, கண்ணு?" என்றது பெரிய பாசி. "போதாவிட்டால் இப்படிச் சாய்ந்துகொள். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது."