பின்னால் வரும் வாத்தியார்

பாறைக்குப் பின்னால் ஈரத்தரையில் குப்புறப் படுத்திருந்தார் பிராசர். பைனாகுலரில் கண்ணை வைத்து, கீழே நடந்து போகிற ஐந்து பிள்ளைகளை ஆடு திருட வந்தவர் போல நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

"தலையைக் குனிம்மா! பார்த்துடப் போறாங்க" என்று பக்கத்திலிருந்த எலினை அதட்டினார்.

எலின் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர். பிராசர் அங்கே பூகோள வாத்தியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மலை நடைப் பயிற்சி நடத்துவதும் அவர்தான்.

எங்கள் வேல்ஸ் மலைப்பக்கம் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியின் கடைசி நாளில் பிள்ளைகள் தாங்களாகவே வழி கண்டுபிடித்து மலையைத் தாண்டி முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். வாத்தியார் அவர்கள் கண்ணில் படாமல் பின்னாலேயே போவார், அவர்கள் வழி தவறினால் மட்டும் வெளியே வருவார்.

"ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்மா. போன வருஷக் கூட்டம் வழி மாறிப் போய், மீட்புக் குழுவே மலையேறி வர வேண்டியதாப் போச்சு. இன்னொரு தடவை அவங்க வந்தா பயிற்சியையே இழுத்து மூடிடுவேன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க."

எலினுக்குப் பாவமாக இருந்தது. ஆட்டுப்பட்டியையும் வீட்டையும் விட்டால் வேறெதுவும் தெரியாத பிள்ளைகள், வருஷம் முழுக்க இந்த ஒரு வாரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

"பசங்க ஆர்வமாத்தானே சார் இருக்காங்க?"

"ஆர்வமா? அந்த நெரிஸைப் பாரு. அத்தனை தடவை சொல்லியும் ஆட்டுக்கொட்டில்ல போடுற ரப்பர் பூட்ஸை முட்டி வரைக்கும் ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறா. இதுங்களை நம்பினா விளங்கின மாதிரிதான்."

அவர் மட்டும் விவசாயக் கண்காட்சிக்குச் சோடித்த கிடா மாதிரி வந்திருந்தார். புத்தம்புது மழைக்கோட்டு, கழுத்தில் விசில், பைனாகுலர், திசைகாட்டி. திசைகாட்டியின் கண்ணாடி மேல் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் அப்படியே இருந்தது.

கல்சுவர் ஓரமாகப் பாதை இரண்டாகப் பிரிந்தது. "மேப்பைப் பார்க்கலாமா சார்?" என்றாள் எலின்.

"மேப்பெல்லாம் பசங்களுக்கு. எனக்கு இந்த மலை அத்துப்படி."

சொல்லிவிட்டு வலது பக்கம் நாலடி வைத்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தார்.

"அதோ, இடது பக்கம் பாரு. நெரிஸ் நடுப்பாதையில உக்காந்து ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருக்கா. உருப்படுமா?" என்றபடி இடது பக்கம் திரும்பினார்.

ஓடைப் பாலத்தருகே பாதை மறுபடி பிரிந்தது. அங்கேயும் நெரிஸ் குனிந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த பிரிவிலும் அதே கதைதான், பிராசர் தலையில் அடித்துக்கொண்டார்.

சேற்று நிலத்தை நெருங்கும்போது மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கிற ஆடுகூடத் தெரியவில்லை. எலின் கண்ணைச் சுருக்கிச் சுற்றிலும் பார்த்தாள்.

"சார், பசங்களைக் காணோமே! மீட்புக் குழுவுக்குச் சொல்லிடலாமா?"

"வாயை மூடும்மா! பயிற்சியே போயிடும்." அவர் திசைகாட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அப்போது பனிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஐந்து பேரும் ஊர் தேவாலயத்தில் பாடுகிற ஜெபப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டியா? மூச்சை வீணாக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கழுதைங்க கத்துதுங்க பாரு" என்று திட்டிக்கொண்டே, பிராசர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாக நடந்தார்.

முகாமில் பிள்ளைகள் கூடாரம் போட்டு, டீயும் போட்டு வைத்திருந்தார்கள். மூச்சிரைக்க வந்து நின்ற பிராசரிடம் ஓவைன் என்கிற பையன் ஓடிவந்து கோப்பையை நீட்டினான்.

"அட சார்! நீங்க எங்க பின்னாடியா வந்தீங்க? தெரியவே இல்லையே!"

பிராசருக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்குப் பேர்தான்டா அனுபவம்" என்றவர், டீயை உறிஞ்சிவிட்டுத் தீர்ப்பும் சொன்னார். "எல்லாரும் பாஸ். நெரிஸ், உனக்கு மட்டும் சான்றிதழ் கிடையாது. லேஸ் கட்டத் தெரியாதவளுக்கு மலை ஒரு கேடா?"

நெரிஸின் முகம் சுண்டிப்போனது. ஓவைன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் காலை நறுக்கென்று மிதித்துவிட்டு, "சரி சார்" என்றாள் அவள்.

பிராசர் கூடாரத்துக்குள் போனதும் எலின் அவளருகில் வந்து உட்கார்ந்தாள். சமாதானம் சொல்லத்தான் வந்தாள். ஆனால் நெரிஸ் இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்த சேறு படிந்த பூட்ஸைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"ஏய், ரப்பர் பூட்ஸ்ல லேஸே கிடையாதே! அப்புறம் எதுக்கு நின்னு நின்னு வந்தே?"

நெரிஸ் கூடாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் எங்கண்ணன் கூட்டம் நிக்காம வந்துட்டாங்க மிஸ். மீட்புக் குழு தேடிக் கண்டுபிடிச்சது சாரைத்தான்."