மூணும் உருகினதுதேன்

“மூணும் உருகியிருக்கு மேடம்.”

“நான் உருக்குனது ஒண்ணுதாம்மா, ஒண்ணே ஒண்ணு...”

“நீங்க எத்தன உருக்குனீகன்னு நான் கேக்கல மேடம், மூணுமே...”

“என் வீட்டு ஃபிரிட்ஜுல என் கையால வச்சது. எனக்கே கத சொல்றியா?”

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று ஆராய்ச்சி மாணவி அனுசுயாவுடையது. இன்னொன்று அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சுகிர்தத்துடையது.

நடுவே மேசையில் ஓர் ஐஸ் டப்பா. பக்கத்தில் மூன்று சின்னக் கண்ணாடி வில்லைகள், எண் எழுதிய பிளாஸ்டிக் உறைகளோடு.

அந்த வில்லைகளின் மேல் காலியம் என்ற உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் படியவைத்திருந்தாள் அனுசுயா. உறையவைக்கத் திரவ நைட்ரஜனுக்குத் தேனியில் எங்கே போவது? மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி மருந்தை உறையவைத்திருக்கிற நைட்ரஜன் கேனிலிருந்து ஒரு பிளாஸ்க் நிறையக் கெஞ்சி வாங்கி வந்தாள்.

அவள் நாலு வருஷமாகச் சொல்லிவருவது ஒன்றைத்தான். முப்பது டிகிரிச் சூடு பட்டால் அந்தத் துளிகள் உருகிவிடும். உருகியபின் ஃபிரிட்ஜுக்குள் போட்டாலும் உறையாது. நாள்கணக்கில் உருகியபடியே கிடக்கும். உறைந்த துளி ஒளியை ஒரு விதமாக விழுங்கும், உருகிய துளி வேறு விதமாக. தடுப்பூசிப் பெட்டியில் ஒரு வில்லையை வைத்துவிட்டால் போதும், வழியில் எங்கேயாவது வெயில் பட்டதா என்று அதுவே சொல்லிவிடும்.

சுகிர்தம் நம்பவில்லை. மூன்று வில்லைகளையும் சின்னமனூரில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்றை மட்டும் வெந்நீரில் முக்கியெடுத்து, மூன்றையும் ஃபிரிட்ஜில் வைத்தார். எது என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்று நாள் கழித்து அனுசுயா சரியாகச் சொன்னால் ஆய்வேட்டில் கையெழுத்து. தப்பாகச் சொன்னால் நாலு வருஷ உழைப்பும் குப்பைக்கு.

ஸ்கூட்டரில் கொண்டுவந்தால் உடையும் என்று, ஆய்வுக்கூட உதவியாளர் சந்தனம்மாளிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவரும் காலை பஸ்ஸில் ஐஸ் டப்பாவோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கதவோரம் நின்றிருந்தார்.

“கடைசியாக் கேக்கறேன். ஒரு நம்பரச் சொல்லு. சரியா இருந்தா கையெழுத்தப் போட்டுட்டு நானும் சாப்பிடப் போவேன், எனக்கும் பசிக்குதுல்ல?”

அனுசுயா வில்லைகளைப் பார்த்தாள். மூன்றாவது உறையில் மட்டும் எண் எழுதிய மை கொஞ்சம் கரைந்திருந்தது. வெந்நீர் பட்டது அதுதான்.

“மூணாம் நம்பர்” என்று சொன்னால் போதும். வேலை முடிந்தது.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் கணினித் திரையில், வில்லைகள் ஒளியை விழுங்கும் விதத்தைக் காட்டும் மூன்று கோடுகளும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. மூன்றும் உருகிய துளியின் கோடுகள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு நம்பரையும் எழுதிக்கங்க மேடம்.”

“அடியே, டப்பாவத் தொட்டுப் பாரு! கை வெறைக்குது. இதுக்குள்ள முப்பது டிகிரி எங்கேருந்து வந்துச்சு? குச்சனூர்லருந்து சனி பகவான் எறங்கி வந்து ஊதிட்டுப் போனாராக்கும்?”

“யாரு ஊதுனாகன்னு எனக்குத் தெரியாது. ஆனா சூடு பட்டிருக்கு. பட்டுச்சுன்னா பட்டுச்சுதேன்.”

“மூணும் உருகுச்சுன்னா உன் ஆராய்ச்சி தப்புன்னு அர்த்தம்.”

“இல்ல மேடம். மூணும் உருகுச்சுன்னா மூணுலயும் சூடு பட்டுச்சுன்னு அர்த்தம்.”

சுகிர்தம் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படிவத்தை இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, ‘ஏற்கத்தக்கதல்ல’ என்ற கட்டத்தின் மேல் முனையை வைத்தார்.

அனுசுயா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“போட்டுக்கங்க. நாளைக்கு மறுபடி மூணையும் உறையவைக்கிறேன்.”

கதவோரத்தில் சந்தனம்மாள் செருமினார்.

“டீச்சர்... பஸ்சு போட்ட ஆட்டத்துல டப்பாக்குள்ள கடகடன்னு உருண்டுச்சு. ஒடைஞ்சா பாப்பா படிப்புல்ல போயிருமுன்னு, மூணையும் எடுத்து இடுப்புச் சொருகலுக்குள்ள ஒடம்போட ஒட்ட வச்சுப் பத்திரமாக் கொண்டாந்தேன். இங்கன வாசலுக்கு வந்துதேன் திரும்ப டப்பாவுல போட்டேன். அது குத்தமா டீச்சர்?”