கைக்கெட்டும் தூரம்

“அதைக் கீழே வைங்கம்மா. உங்களுக்கு அது சரிப்படாது.”

அவள் கையிலிருந்த நாலு விரல் நங்கூரத்தைப் பார்த்தாள். கடைக்குள் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கடைக்காரர் மூன்று பொருட்களை வேண்டாமென்று சொல்லிவிட்டார். விற்க மனசில்லாமலே கடையைத் திறந்து வைத்திருக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“பாறைக்கு நல்லா இருக்கும். மணல்ல பிடிக்காது, உழுதுக்கிட்டே வரும்.” தட்டையான அலகு வைத்த வேறொன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது மண்ணுக்குள்ள இறங்கிடும். கூட கொஞ்சம் சங்கிலி போட்டுக்கணும். இல்லேன்னா கயிறு மேல இழுத்துப் பிடுங்கிடும்.”

வாசலில் அவள் வேனில் கட்டி இழுத்து வந்த சின்ன மீன்பிடிப் படகு நின்றது. பன்னிரண்டு அடி. பின்னால் ஓர் எஞ்சின், நடுவே ஒரு பலகை, வேறு ஒன்றும் கிடையாது.

“படகு வந்திருக்கு, படகுக்காரர் எங்கே?”

“எங்க வீட்டுக்காரருக்கு வேலை இருக்கு.”

“கடலுக்குப் போறது அவர். அளவு கொடுக்கறது நீங்களா? நல்ல கதையா இருக்கே.”

“ஏறக்குறைய உங்க உயரம்தான்” என்று சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் ஆசையாக எடுத்த பருமனான மிதவைச் சட்டையை வாங்கி ஓரமாகப் போட்டார்.

“இதைப் போட்டா வேர்க்கும். கழட்டித் தலைக்கு வெச்சுத் தூங்குவார். மெலிசா ஒண்ணு தரேன், மாட்டினதே மறந்துபோகும். சரி, வழியில ரெண்டு கடை இருக்குமே, அதையெல்லாம் விட்டுட்டு இங்க ஏன் வந்தீங்க?”

“நீங்க பொருத்தினா எதுவும் ஆடாதுன்னு சொன்னாங்க.”

“யார் சொன்னா?”

“கேள்விப்பட்டேன்.” பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அவளாகவே சொன்னாள். “போன மாசம் அவர் தவறித் தண்ணியில விழுந்துட்டார். எஞ்சின் நிக்கல. ஆளில்லாத படகு அவரையே சுத்திச் சுத்தி வந்திருக்கு. தோள்ல எஞ்சின் விசிறி கிழிச்சு ஏழு தையல்.”

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“ஆறிடுச்சு. நாளைக்குத் திரும்பப் போறேன்னு நிக்கறார்.”

அவளுக்குப் பயம். கல்யாணமாகி இந்த நாலு வருஷத்தில் இப்படிப் பயந்ததில்லை. நாளைக்குப் போகிறவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவள் கேட்பது அவ்வளவுதான்.

கடைக்காரர் எழுந்து ஒரு சிவப்புச் சுருள் கயிற்றைக் கொண்டு வந்தார். “ஒரு முனை எஞ்சின்ல, ஒரு முனை அவர் இடுப்புல. ஆள் விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், எஞ்சின் அந்த நொடியே செத்துடும். இது இல்லாம படகை அவிழ்க்க விடாதீங்க. சண்டை போடுங்க.”

“போடுவேன்.”

“அப்புறம் கத்தி. நூல் காலைச் சுத்திடுச்சுன்னா தேடிக்கிட்டிருக்க முடியாது, கைக்கெட்டும் தூரத்துல உறை இருக்கணும். தூண்டில் தாங்கியும் அப்படித்தான். உங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கைப் பழக்கம்?”

அதுவரை டக் டக்கென்று பதில் சொன்னவள் இதற்கு மட்டும் தயங்கினாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“வலது கைதான்.”

“சரி” என்றார் அவர்.

மூட்டு வலியால் படகில் ஏறுவதையே விட்டிருந்த மனிதர், அன்று தானே ஏறி முட்டி போட்டுத் துளையிட்டார். ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கிவிட்டு ஆட்டிப் பார்த்தார். திருப்தி வராமல் இரண்டைக் கழற்றி மறுபடியும் போட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவளைக் கூப்பிட்டார்.

அவள் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். கத்தி உறை, தூண்டில் தாங்கி, நங்கூரக் கயிறு கட்டும் கொக்கி, மூன்றும் இடது பக்கம் இருந்தன.

“வலது கைன்னுதானே சொன்னேன்?” என்றாள்.

“சொன்னே” என்றார் அவர், கையைத் துணியில் துடைத்தபடி. “நான் உங்க கல்யாணத்துக்குத்தான் வரலை. என் பிள்ளைக்கு எந்தக் கைன்னுகூடவா எனக்குத் தெரியாது?”