ஜன்னல் வைத்த முனை

தீவின் மேற்குக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலுக்குள் ஒற்றைப் பாறை ஒன்று நின்றது. எதிரே தீவிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்தாலே அதற்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு ஒரு நீர்க்காகம் முனையின் நுனியில் வந்து உட்கார்ந்து, "அதோ தனியாக நிற்கிறதே, அதுவும் உங்கள் தீவைச் சேர்ந்ததா?" என்று கேட்டது.

"அதுவா? எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. நாங்கள்தான் பரம்பரையாக இந்தத் தீவு" என்றது முனை.

பாறைக்குப் பொறுக்கவில்லை. "எங்கிருந்தோ வந்தேனா? என் இடுப்பில் ஓடுகிற சிவப்புக் கோடு உன் இடுப்பிலும் ஓடுகிறதா இல்லையா? ஒவ்வொரு புயலிலும் முதல் அடியை வாங்குவது யார்? எனக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு, என்னையே யாரோ என்கிறாயே, உனக்குக் கூசவில்லையா?"

முனை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நீர்க்காகத்திடம் தன் பெருமையை எடுத்துவிட்டது. "என் நடுவில் அலை குடைந்து குடைந்து ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது, பார்த்தாயா? வருஷா வருஷம் பெரிதாகிறது. போகிற கப்பலெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது. இந்தக் கரையில் வேறு யாருக்கு இருக்கிறது, சொல்."

"எனக்கு இருந்தது" என்றது பாறை. "உனக்கும் எனக்கும் நடுவில், இதே அழகில். அதன் கூரை இடிந்து விழுந்த அன்றுதான் நான் எங்கிருந்தோ வந்தவனாகிவிட்டேன்."

நீர்க்காகம் ஜன்னலின் கூரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. முனையின் நுனியிலிருந்து எழுந்து, ஜன்னலைத் தாண்டி, தீவுப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.