மலைக்குப் போன நாய்கள்

1958 மாசி மாதத்தில் ஒருநாள் விடிந்ததும் வேதகிரியும் அவன் மனைவி சிட்டம்மாளும் பழையசீவரம் மலையில், கோயில் இல்லாத பின்பக்கமாக ஏறினார்கள். கூடவே அவர்களுடைய இரண்டு வேட்டை நாய்கள், கருப்பனும் செவலையும். பிள்ளையில்லாத வீட்டுக்கு அவைதான் பிள்ளைகள்.

பாதி வழியில் சிட்டம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"வூட்லயே கட்டிப் போட்டு வெச்சிக்கலாமே?"

"எத்தினி நாளிக்கு? சுத்தியும் கொயந்தைங்க கீற எடம். ஒண்ணைக் கடிச்சிட்டா இன்னா பண்றது?" என்றான் வேதகிரி.

"இன்னும் யாரையும் ஒண்ணும் பண்ணலியே!"

"பண்ற வரிக்கும் பாத்துக்கினு இருக்க முடியுமா? மேல விட்டுட்டுப் போறதுதான் நல்லது."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

உச்சியில் ஒரு பாறை நிழலில் நின்றார்கள். வேதகிரி இரண்டு நாய்களையும் வெகுநேரம் தடவிக் கொடுத்தான். பிறகு அவற்றின் கயிறுகளை மனைவியின் கையில் கொடுத்தான்.

"இதுங்கள இட்டுக்கினு நீ எறங்கு. நான் இங்கியே கீறேன்."

கரும்புக் கொல்லையில் வெறிபிடித்த நரி அவனைக் கடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நேற்றிலிருந்து தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகியது. இனி ஊசி போட்டும் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

சிட்டம்மாள் நாய்களை அவிழ்த்துக் கீழே விரட்டினாள். அவை பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து நின்றன. அவள் வந்து அவனருகில் உட்கார்ந்தாள்.

"போ சிட்டு. எனக்கு வெறி வந்தா உன்னியும் கடிச்சிருவேன்."

"கடிச்சிக்கோ" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.