கொப்பளித்தது போதும்

மனைவி மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னிக்கு லேட்டாயிடுச்சும்மா" என்று நூலகர் வழக்கமான தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே எதிரில் போய் நின்றதுதான் தாமதம், அவள் முகம் இடது பக்கம் போய்விட்டது. கொஞ்ச மாதங்களாகவே இப்படித்தான். எப்போதும் அதே பக்கம்.

அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். மவுத்வாஷை மூடி நிறைய ஊற்றி, கண்ணில் நீர் வரும்வரை கொப்பளித்துத் துப்பினார். முதலில் பச்சை, அப்புறம் நீலம், இப்போது மருந்துக்கடைச் சிவப்பு. நாக்கு எரிந்ததுதான் மிச்சம். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாளெல்லாம் நெசவு ஆலையின் தறி இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தும் என் வாய் நாற்றத்தைத் தாங்க வேண்டுமா என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் பல் டாக்டரம்மாவிடம் போய் வாயைத் திறந்தார்.

"பல்லெல்லாம் ஏன் இப்படிப் பழுப்பேறிக் கிடக்கு? எத்தனை தடவை கொப்பளிக்கிறீங்க?"

"ஞாபகம் வர்றப்பெல்லாம்."

"நல்லா இருக்கு! இந்தச் சிவப்புல இருக்கிற மருந்து கிருமியைக் கொல்லும். ஆனா ரொம்ப நாள் போட்டா பல்லுல கறை ஏறும், ருசி செத்துடும். முன்னாடி வாங்கினதுல ஆல்கஹால். அது வாயைக் காய வைக்கும். எச்சில் வத்தினாத்தான் நாத்தமே வரும்." அவரை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். "உங்க வாயில ஒரு நாத்தமும் இல்லை. யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா."

"அப்போ கொப்பளிச்சது போதும். நிம்மதியாப் போங்க."

நிம்மதி எங்கே? நாற்றமென்றால் கழுவிவிடலாம். ஆளையே பிடிக்கவில்லை என்றால்?

வீட்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் நின்றார்.

"உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு புரியுது. நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன். நீ நல்லா இரு."

நிழலைப் பார்த்து அவள் லேசாகத் திரும்பினாள். அரைச் சிரிப்போடு "சரிங்க" என்றாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

அந்த ஒரு சொல்லில் அவர் உடைந்துபோனார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். கட்டில் குலுங்கிய பிறகுதான் அவள் பார்த்தாள்.

"ஐயோ, என்னாச்சுங்க? எதுக்கு அழறீங்க?"

"நான் போறேன்னு சொல்றேன், சரின்னு சொல்றியே..." அழுகையில் அவர் குரல் தேய்ந்தது.

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்களும் நிரம்பின. "ஆலையில தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு உங்ககிட்டகூட மறைச்சுட்டேங்க" என்றாள். பிறகு முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு அவரை நெருங்கி உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கமாச் சொல்லுங்க. அந்தக் காது போயிடுச்சு."