வெள்ளை ஸ்ட்ராபெரி

ஜன்னல் வெயில் விழும் தட்டில் இரண்டு ஸ்ட்ராபெரிகள்: கடையில் வாங்கிய சிவப்பு ஒன்று; ஆராய்ச்சி மாணவி நிறத்துக்கான மரபணுவை அணைத்து, இனிப்புக்கானதைத் தூண்டி வளர்த்த வெள்ளை ஒன்று. பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுடைய நான்கு வருட உழைப்பு கரையேறும். வெள்ளையைக் கடித்தவர் கஷாயம் குடித்தவர் போல முகம் சுளிக்கிறார். “புளிக்குதேம்மா!” வெள்ளையில்தான் சர்க்கரை அதிகம் என்கிறது இனிப்பை அளக்கும் கருவி, பாவம், அதற்குக் கண் கிடையாது. “சார், கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு வாய்.” மூடுகிறார். வெள்ளையின் மிச்சப் பாதியையே அவர் கையில் வைக்கிறாள். தாடை மெதுவாக அசைகிறது. நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் கலைகின்றன. “இது பழம்! சிவப்புன்னா சிவப்புதாம்மா.” ஃபிரிட்ஜ் முனகுகிறது. சிவப்பு தட்டிலேயே இருக்கிறது. கண்ணைத் திறக்காமலே அவர் மறுபடி கை நீட்டுகிறார். அந்தக் கையில் அவள் பேனாவை வைக்கிறாள்.